கொள்ளைக்காரன் கொடிக்குப் பொட்டு வைத்தவள்

எங்கள் அக்கா கோவிந்தம்மாவைப் பற்றி ராயபுரத்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கடல்கொள்ளைக்காரர்களுக்குக் கொடி தைத்துக் கொடுத்தவள் என்கிறான் ஒருத்தன். மண்டையோட்டை வைத்துப் பூசை போட்டுக் கட்டின புருஷனையே துரத்தினவள் என்கிறாள் இன்னொருத்தி. கேட்கிறபோதெல்லாம் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். என்னிடம் வந்து ஒரு வார்த்தை விசாரித்தால் குறைந்தா போய்விடுவார்கள்? விசாரிக்க மாட்டார்கள். நடந்தது தெரிந்துவிட்டால் அப்புறம் எதைப் பேசிப் பொழுதைப் போக்குவது?

அக்கா போன ஆடியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். குணசுந்தரி என்று பெயர் வைத்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படிக்க வைத்தார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். பிடித்தால் படியுங்கள், பிடிக்காவிட்டால் பழைய கதையையே பேசிக்கொண்டு கிடங்கள்.

எங்கள் அம்மா துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்தவள். கப்பலுக்கு ஏற்றுகிற கரி. தலையில் சுமந்த கரியெல்லாம் நெஞ்சுக்குள் இறங்கி, கறுப்பாகச் சளி துப்பித் துப்பியே செத்தாள். அவள் சாகும்போது அக்காவுக்குக் கல்யாண வயது. 'என்ன ஆனாலும் சரி, கூடையை மட்டும் தூக்க மாட்டேன்' என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். தெருக்கோடியில் ரோஸ்மேரி அம்மா என்று ஒரு சட்டைக்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, இருந்தார். கவுன் தைக்கிறவர். அவர் வீட்டில் பெருக்கித் துடைக்கப் போன அக்கா, பக்கத்தில் நின்று பார்த்தே தையலைப் பிடித்துக்கொண்டாள். ரோஸ்மேரி அம்மா ஊரைக் காலி செய்துகொண்டு மகளோடு போனபோது தன்னுடைய பழைய கை மெஷினை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார். கையால் சக்கரத்தைச் சுற்றித் தைக்கிற மெஷின். அது வந்த நாளிலிருந்து அக்கா கூடையைப் பற்றி நினைக்கவேயில்லை. அந்த மெஷின் இருக்கிற வரைக்கும் சோறு, அது போனால் கரி. அவ்வளவுதான் அவள் கணக்கு.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஹபீபுல்லா சாயபுவுக்குக் கப்பல் சாமான் கடை. கயிறு, பெயின்ட், லாந்தர், கொடி எல்லாம் விற்பார். கொடி தைக்கிற வேலையை அக்காவிடம் கொடுத்தார். கப்பல்காரர்களுக்கு வாய்க்குப் பதில் கொடிதான் பேசும். நீலத்துக்கு நடுவில் வெள்ளைச் சதுரம் வைத்தால், கப்பல் புறப்படுகிறது, எல்லாரும் வந்து ஏறுங்கள் என்று அர்த்தம். மஞ்சளை ஏற்றினால் அது வியாதி சம்பந்தப்பட்டது. அக்கா எல்லாவற்றையும் தைத்தாள்.

இனி மாரியப்பன் மாமாவுக்கு வருகிறேன். அக்காவைக் கட்டினவர். நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். அவர் குடிக்க மாட்டார். கை நீட்டி அடித்தது கிடையாது. குடிகாரனாகவோ அடிக்கிறவனாகவோ இருந்திருந்தால் நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை. எப்போதும் சிரித்த முகம், தேன் ஒழுகுகிற பேச்சு. துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளுக்குக் கயிறு மாட்டுகிற வேலை. ஆனால் மனுஷருக்குப் புறாப் பைத்தியம். வானத்தில் போய் கர்ணம் அடிக்கிற புறா, காலையில் ஏறினால் சாயங்காலம் வரைக்கும் இறங்காத புறா, இதைத் தவிர அவர் மண்டைக்குள் வேறு எதுவும் கிடையாது.

புறாக்காரர்கள் புறாவைக் காசுக்குக் கொடுப்பதைவிடப் பண்டத்துக்குக் கொடுப்பதுதான் அதிகம். ஒரு பெட்டைப் புறாவுக்கு அக்காவின் பித்தளைக் குடம் போயிற்று. ஒரு ஜோடிக்கு, அம்மா போட்ட வெள்ளிக் கொலுசு. சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் எதற்குப் போனது என்றுகூட ஞாபகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே கூத்துதான். முதல் நாள் மல்லிப்பூவும் அல்வாவும் வரும். "கோவிந்து, உன்ன ராணி மாதிரி வெச்சிக்கணும்னு பாக்கறேன்" என்று பேச்சு வரும். மறுநாள் வீட்டில் ஒரு சாமான் இருக்காது.

அக்கா கத்துவாள். "இன்னொரு தபா இந்த வூட்டு சாமான்ல கைய வெச்சே, வாசப்படி தாண்டி உள்ள வர முடியாது, பாத்துக்கோ!" என்பாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். மாமா வெளியில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தாழ்ப்பாள் திறக்கும். சுவரின் இந்தப் பக்கம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் தலையில் அடித்துக்கொள்வேன். என்ன ஜென்மமடா இது என்று இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான், 1929 கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால், அந்த ஆர்டர் வந்தது. தைத்த கொடி மூட்டையை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் சாயபு கடைக்குப் போயிருந்தோம். சாயபு ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு மண்டையோடும், அதற்குக் கீழே குறுக்கே போட்ட இரண்டு எலும்பும் வரைந்திருந்தது.

"இன்னா சாயபு, செத்தவங்க கப்பலா?" என்றாள் அக்கா.

"சாவடிக்கிறவங்க கப்பல்மா. கடல்ல கொள்ளையடிச்ச பசங்க கொடி. இப்ப அவங்க யாரும் இல்ல. துரைங்க புது வருசத்துக்கு வேசம் கட்டி ஆடப் போறாங்களாம். படகு கிளப்புல ஏத்தறதுக்குக் கேட்டுக்கீறாங்க."

"திருடப் போறவன் இன்னாத்துக்கு கொடி ஏத்தறான்? எங்க தெருவுல கன்னம் வெச்சவன் எவனாச்சும் மேளம் அடிச்சிக்கினா வந்தான்?"

சாயபுவுக்கு இப்படி யாராவது வாயைக் கொடுத்தால் போதும். கப்பல் கப்பலாக ஏறி இறங்கி மாலுமிகளிடம் கேட்ட கதையெல்லாம் அவர் வயிற்றுக்குள் கிடக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அடுப்பில் உலை காய்ந்துகொண்டிருக்கிறது. யார் கேட்டார்கள்!

"மொதல்ல அவங்க ஏத்தனது செவப்புக் கொடி" என்றார். "செவப்புன்னா, ஒருத்தனையும் உயிரோட வுட மாட்டேன்னு அர்த்தம். அப்புறம்தான், ஒரு இருநூறு வருசத்துக்கு மின்னாடி, கறுப்பு வந்துச்சு. கறுப்புன்னா, கம்முனு சரக்கக் குடுத்துட்டா உயிர் பொயச்சே, எதுத்தா செவப்ப ஏத்துவேன்னு அர்த்தம். கப்பல்ல எவனாச்சும் செத்துட்டா புஸ்தகத்துல அவன் பேருக்குப் பக்கத்துல மண்டையோடு வரைவாங்களாம். அத்த எடுத்து இவன் கொடில வெச்சிக்கினான்னு ஒரு பேச்சு. ஒவ்வொரு தலைவனுக்கும் ஒரு கொடி. ஒருத்தன் மணல் கடிகாரம் போடுவான், உன் நேரம் ஓடிக்கினு கீதுன்னு. ஒருத்தன் ரத்தம் சொட்டற நெஞ்சு போடுவான். கொடியப் பாத்தவொடனே இது இன்னார்னு பேர் தெரியணும். பேர் தெரிஞ்சாத்தான் பயம்."

"போலீஸ்காரன் செவப்புத் தலைப்பா மாதிரின்னு சொல்லு. அடி வியறதுக்கு மின்னாடியே கடையக் கட்டிக்கினு ஓடறான் இல்ல?"

"அத்தேதான்! குண்டு மிச்சம், மருந்து மிச்சம். சண்டை போட்டு கப்பல ஒடச்சிட்டா கொள்ளையடிச்சவனுக்குத்தானே நஷ்டம்? நம்ம பக்கம்கூட வந்துக்கீறானுங்க. அவுரங்கசீப் பாதுசா காலத்துல மக்காவுக்குப் போய்ட்டு வந்த கப்பலயே மடக்கிட்டானுங்க, ஹராமிங்க."

"பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியாதா, இவன் திருடன்னு?"

"அங்கதான் கீது சங்கதி. தூரத்துல வரசொல்ல உன் ஊரு கொடியவே ஏத்திக்கினு தோஸ்து மாதிரி வருவான். கைக்கு எட்டற தூரம் வந்தப்புறம் அத்த எறக்கிட்டு இத்த ஏத்துவான்."

அக்கா அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள். "அப்டீன்னா அவன் யோக்கியன் சாயபு" என்றாள். "கடைசிலயாச்சும் ஏத்தறானே. எங்க வூட்டுல கீறது மல்லிப்பூவோட வந்து மல்லிப்பூவோடயே சுருட்டிக்கினு போவுது."

சாயபு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடியைப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். கறுப்புத் துணியின் மேல் வெள்ளை மண்டையோட்டை வைத்துச் சுற்றிலும் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கறுப்பை ஓரமாக வெட்டி எடுக்க வேண்டும். கண் குழிக்கும் மூக்குக் குழிக்கும் திரும்பவும் அதே வேலை. அக்கா அந்த வாரம் பூராவும் அதிலேயே கிடந்தாள். முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்தேன். மண்டையோட்டின் நெற்றியில், நட்டநடுவில், சிவப்புத் துணியில் வட்டமாக ஒரு பொட்டு! பக்கத்தில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, சூடமும் ஏற்றியிருந்தாள்.

"அக்கா, துரை குடுத்த படத்துல பொட்டு இல்லியே!"

"துரைக்கு இன்னா தெரியும்? மாசி அமாவாசைக்கு மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு ஆத்தா வரசொல்ல கையில இன்னா வெச்சிக்கினு வர்றா? பொட்டில்லாத தலைய நீ எங்கனா பாத்துக்கீறியா? மூளியா ஒரு மண்டைய வூட்டுக்குள்ள வெச்சி தைக்க என்னால ஆவாது."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஜனங்களுக்கு மண்டையோடு என்றால் அங்காளம்மன்தான். மயானக் கொள்ளை அன்றைக்கு அம்மன் சுடுகாட்டுக்கு ஊர்வலம் வருவாள். கையில் கபாலம் இருக்கும், மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கொண்டு. அதைப் பார்த்தே வளர்ந்த கை, தானாகப் பொட்டு வைத்துவிட்டது. வெள்ளைக்காரத் திருடனுக்கு அங்காளம்மன் பொட்டு! உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது நடக்குமா?

சாயபு கடையில் விரித்துக் காட்டியபோது அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "அல்லா! கொடிய நாஸ்தி பண்ணிட்டியேம்மா! கறுப்புன்னா பொயச்சிக்கோ, செவப்புன்னா ஒருத்தனும் பொயைக்க மாட்டான். ரெண்டையும் ஒண்ணா வெச்சா பாக்கறவன் கையத் தூக்கறதா, கடல்ல குதிக்கறதா? அந்தப் பொட்ட மட்டும் பிரிச்சி எடுத்துடு."

"வெச்ச பொட்ட அயிக்கச் சொல்றியா?" அக்காவின் குரல் ஏறிவிட்டது. "தாலி அறுத்தவளுக்குத்தான் பொட்ட அயிப்பாங்க. என் கையால அத்த செய்ய மாட்டேன்."

"அது மண்டையோடும்மா! அதுக்கு ஏது புருசன்?"

"உனுக்குத் தெரியுமா?"

சாயபு கடைசியில் கடைத் தையல்காரனை விட்டு வேறு கொடி தைத்துக் கொடுத்தார். அக்காவின் கொடி அக்காவிடமே திரும்பி வந்தது. அத்தனை நாள் உழைப்பும் வீண். அதைக் கொளுத்தவும் முடியாது, பொட்டு வைத்தாயிற்று. கும்பிடவும் முடியாது, திருடன் கொடி. குப்பையில் போட மனசு வருமா? தூசி படாமல் இருக்கட்டும் என்று தையல் மெஷின் மேல் போர்த்தி வைத்தாள்.

பொங்கல் போய்க் கொஞ்ச நாளில் தண்ணீர்க் குழாயடியில் ஒரு சேதி என் காதில் விழுந்தது. புளியந்தோப்பில் அத்தாவுல்லா என்று ஒரு புறாக்காரர். அவரிடம் கறுப்புக் கழுத்தும் வெள்ளை வாலுமாக ஒரு ஜோடி இருக்கிறதாம். மேலே போனால் கண்ணுக்கே தெரியாதாம். அந்த ஜோடியைப் பார்த்ததிலிருந்து மாரியப்பன் மாமா சோறு தின்னவில்லையாம். அத்தாவுல்லாவின் பெண்சாதி ஷரீஃபுன்னிசாவுக்கு ஒரு தையல் மெஷின் மேல் ஆசையாம்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவள் மாடத்தைக் கை காட்டினாள். மாடத்தில் மல்லிப்பூ இருந்தது. பக்கத்தில் இலையில் கட்டின அல்வா.

"மெசின் போச்சுன்னா நான் கரிக்கூட தூக்கத்தான் போவணும் குணா" என்றாள். "அம்மா மாதிரி துப்பிக்கினு சாவத்தான் போவணும்."

என்ன நினைத்தாளோ, மெஷின் மேல் போர்த்தியிருந்த கொடியை எடுத்து உதறி, மெஷினுக்கு நேர் மேலே உத்தரத்திலிருந்து தொங்கவிட்டாள். வாசலைப் பார்த்து மண்டையோடு. மாரியப்பன் மாமாவுக்கு அங்காளம்மன் என்றால் குலை நடுங்கும். சின்ன வயதில் ஊர்வலத்தில் அம்மனைக் கிட்டத்தில் பார்த்து மூச்சடைத்து விழுந்தவர். சாயங்காலம் வந்தவர் வாசற்படியில் கால் வைத்தார், நிமிர்ந்தார், அப்படியே பின்வாங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த மூலைப் பக்கமே போகவில்லை. சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் குந்தினார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயபு சொன்னது மெய்தான், கொடியைக் காட்டினால் போதும், சண்டையே வேண்டாம் என்று நம்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அக்கா தைத்த கொடிகளைக் கொடுக்க சாயபு கடைக்குப் போயிருந்தாள். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணிச் சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம். சூட வாசனை. பரவாயில்லையே, மனுஷனுக்கு பக்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே குழவியைச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால், நெற்றி நிறையக் குங்குமம், தலைமேல் தையல் மெஷின்!

"மாமா! இன்னா பண்ற நீ?"

"கம்முனு இரு குணா. கேட்டுக்கினுதான் எடுத்தேன்."

"யார கேட்டே?"

"ஆத்தாளத்தான். தேங்கா ஒடச்சி, சூடம் காட்டி, 'தாயே, எடுத்துக்கினு போவட்டுமா'ன்னு கேட்டேன். மெய்யாலுமே சொல்றேன், பல்லி சொல்லிச்சு. உத்தரவு குடுத்துட்டா."

மாவுக் கையோடு பின்னால் ஓடினேன். "அட கட்டைல போறவனே!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். தெருமுனையில் ஜட்கா நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். மெஷினை ஏற்றி, தானும் ஏறி, போயே போய்விட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். கொடியை அவிழ்த்து, அழகாக மடித்து, பலகை மேல் வைத்து, பொட்டின் மேல் ஒரு முழம் மல்லிகை சாத்தியிருந்தது. அந்த மரியாதையைப் பார்த்ததும்தான் எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

அக்கா வந்தாள். மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் கத்தாததுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"கொடி கட்டறாளாம் கொடி!" என்றேன். "அந்தக் கொள்ளக்காரனுங்க துணியப் பாத்தா ஜனங்க பயந்தாங்க? அவனுங்க சொன்னா சொன்னத செஞ்சானுங்க, அதுக்குப் பயந்தாங்க. நீ கல்யாணமான நாள்லேந்து சொல்ற, உள்ள வுட மாட்டேன், உள்ள வுட மாட்டேன்னு. ஒரு தபா, ஒரே ஒரு தபாவாச்சும் சொன்னத செஞ்சிக்கீறியா நீ? உனுக்கு எவன் பயப்படுவான்? பல்லிகூட பயப்படாது!"

அவள் என்னை அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அறையவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

சாயங்காலம் மாமா வந்தார். கையில் புறாக்கூடை, கக்கத்தில் அல்வாப் பொட்டலம், முகத்தில் அதே சிரிப்பு. "கோவிந்து, வந்து பாரு, ரெண்டும் ராஜா ராணி மாதிரி கீது" என்று கதவைத் தட்டினார்.

"உள்ள வராத" என்றது அக்காவின் குரல். அவ்வளவுதான் சொன்னாள்.

மாமா சிரித்தார். வாசலில் குந்தி, புறாவைக் கொஞ்சிக்கொண்டு காத்திருந்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. போனது. மாமா எழுந்து நின்றார். பேச்சில் தேன் ஊற்றினார், சத்தியம் செய்தார், அழுதார். எதிர்வீட்டுக் குப்பம்மா வந்து, "ஆம்பளைய தெருவுல நிக்க வெச்சா குடும்பம் வெளங்குமாடி?" என்று நியாயம் பேசினாள்.

"அவ்ளோ பாவமா கீதுன்னா உன் வூட்டுக்கு இட்டுக்கினு போக்கா" என்றது உள்ளேயிருந்து குரல். குப்பம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். மந்திரம், பூசை என்று அடுத்த நாள் தெருவில் கிளம்பிய கதையெல்லாம் இந்தக் குப்பம்மா கைங்கரியம்தான்.

மாமா பெரம்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே புறாவுக்குக் கூண்டு இல்லை. புது வீட்டில் புறாவை நாள்கணக்கில் அடைத்து வைத்துப் பழக்காமல் பறக்கவிடக் கூடாது என்று பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கு அவசரம். பறக்கவிட்டார். கண்ணுக்குத் தெரியாத உயரம் வரைக்கும் போன ராஜாவும் ராணியும் நேரே புளியந்தோப்புக்குப் போய் அத்தாவுல்லா வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டன. புறாவும் போச்சு, மெஷினும் போச்சு, வீடும் போச்சு. கேள்விப்பட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன், ஏன் மறைக்க வேண்டும்?

ஆனால் அக்கா பாடு சிரிப்பாக இல்லை. கையாலேயே கொடி தைத்தாள். கொடித்துணி முரட்டுத்துணி, ஊசி இறங்காது. விரலெல்லாம் ரணம். ஒருநாள் வேலையை ஒரு வாரம் தைத்தாள். சாயபு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாதி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சித்திரை வெயிலில் ஒருநாள் அவள் ஒரு பழைய கூடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் நான் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. மாமா இடையில் இரண்டு மூன்று தடவை மல்லிப்பூவோடு வந்தார். கதவு திறக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாசம் ஒருநாள் காலையில் அக்கா வீட்டு வாசலில் நிழலாடியது. மாரியப்பன் மாமா. தலைமேல் மெஷின். புளியந்தோப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அத்தாவுல்லாவின் புறாக்கூண்டில் எச்சம் வழித்து, தண்ணீர் ஊற்றி, இத்தனை மாசம் சம்பளமில்லாமல் வேலை செய்து மெஷினை மீட்டிருக்கிறார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் பூ இல்லை, அல்வா இல்லை. மூஞ்சியில் அந்தச் சிரிப்பும் இல்லை. மெஷினை இறக்கி வைத்துவிட்டு, "கொண்டாந்துட்டேன்" என்றார்.

கதவு திறந்தது. அக்கா குனிந்து மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்கியது. தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமா பின்னாலேயே வாசற்படியில் கால் வைத்தார். அக்கா திரும்பினாள்.

"அப்ப நானு, கோவிந்து?" என்றார் மாமா.

"மெசின நீ தூக்கிக்கினு போனே, நீ கொண்டாந்துட்டே. உன்ன யாரு தூக்கிக்கினு போனா? நீயாத்தானே போனே."

கதவைச் சாத்தினாள்.

என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் அந்த மனுஷனைக் கரித்துக் கொட்டினவள் நான்தான். ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்தபிறகு எப்படி இருப்பது? பின்கட்டு வழியாக உள்ளே ஓடினேன். அக்கா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, தொறந்துடு. மாறிட்டாரு அக்கா. பாத்தாலே தெரியல? ஒரே ஒரு தபா தொறந்துடு."

அவள் என் கையை எடுத்துவிட்டாள். "சொன்னத ஒரு தபாவாச்சும் செஞ்சிக்கீறியான்னு நீதானே கேட்டே" என்றாள். "செஞ்சிட்டேன். நீ இன்னாத்துக்கு இப்ப அயுவற?"

மாமா வெளியில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.